அபுதாபியில் ஒரு ரோமக் காசும் எங்கள் ரூம் மெஸ்ஸும்

போன வெள்ளிக்கிழமை நானும் முருகேசனும் அபுதாபிக்குப் போனோம். பழைய நாணயக் கண்காட்சி பார்க்க என்று ரூமில் சொன்னோம். எனக்கு வேறு காரணம் இருந்தது. ஷார்ஜா ரோலாவில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். மெஸ் பொறுப்பை மாதாமாதம் சீட்டுக் குலுக்கிக் கொடுப்போம். இந்த மாதம் முருகேசனுக்கு விழுந்தது. அரிசி, மளிகைக் கணக்கில் நூற்றிருபது திர்ஹம் இடித்தது. எல்லார் முன்னாலும் "மிச்சம் எங்கப்பா?" என்று கேட்ட மகராசன் நான்தான். மாதக் கடைசியில் வேறு ரூமுக்குப் போவதாக அவன் சொல்லிவிட்டான். ஆறு வருஷப் பழக்கம், எனக்குத் தாங்கவில்லை.

ஷார்ஜா ஜுபைல் பஸ் நிலையத்தில் காலை ஏழரை மணி பஸ். ஆளுக்கு 35 திர்ஹம், சுமார் 165 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். அவ்வளவு தூரமும் அவன் ஜன்னலைத்தான் பார்த்தான். அங்கிருந்து டாக்ஸி, 22 திர்ஹம். பெஷாவர்க்கார டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "க்யா பாய், ஜக்டா ஹுவா?" என்றார். சண்டையா என்று கேட்கிறார். "மாஃபி, மாஃபி" என்று, இல்லை என்பதை அரபியில் சொல்லிச் சமாளித்தேன்.

கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் 40. மூன்றாவது அறையில் கட்டைவிரல் நகமளவு வெள்ளிக் காசு. பழைய ரோமில் குவெஸ்டர் என்றால் அரசாங்கக் கஜானாவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. யாருக்கு எந்தப் பொறுப்பு என்று பெரும்பாலும் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்களாம், நம் ரூம் மாதிரியே. காசில் அப்படி இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபக்கமும் தானியக் கதிர். தானியம் வாங்குவதற்காக அடித்த காசு என்று குறிப்பில் இருந்ததை அவனுக்குப் படித்துச் சொன்னேன்.

முருகேசன் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தான்.

"சாமான் வாங்கவா ரெண்டு பேரு, பாய்?"

"ஆமா."

"நான் ஒத்தையாத்தான் மூட்டைய மூணு மாடி தூக்கியாந்தேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எல்லார் முன்னாடியும் கேட்டது தப்புதான், முருகேசு" என்றேன்.

"கேட்டது தப்பில்ல பாய். கூட வராம கேட்டீங்க பாருங்க, அதான்."

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே போய், ஜும்ஆ தொழுகைக்கு முன் பார்த்து முடியுங்கள். உள்ளே ஏசி குளிர் எலும்பைத் தொடும். மாலை பஸ்ஸில் கூட்டம் நெரியும். நாங்கள் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம்.

அந்த நூற்றிருபது இன்னும் நேராகவில்லை. நேற்று டியூட்டி முடிந்து வந்ததும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கே என்று முருகேசன் கேட்டான்.

"மார்க்கெட்டுக்கு. உன்கூட."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "பெரிய பையா எடுங்க பாய். அடுத்த மாசத்துக்கும் சேத்து வாங்கிருவோம்."