பத்தடி உயரத்துத் துப்பாக்கி ஓட்டைகள்

திருக்கழுக்குன்றம் மலையேறி வேதகிரீஸ்வரரிடம் இதை எப்போதோ சொல்லிவிட்டேன். மனிதரிடம் சொல்லத்தான் இத்தனை வருஷம் தயங்கினேன். நான் கொத்தனார். படிப்பு எட்டாவது. எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு ராணுவக் கல்லூரி. அதில் வெள்ளைக்காரன் காலத்து பேரக்ஸ், சிப்பாய்கள் படுத்த நீளக் கட்டடம். சுண்ணாம்புச் சாந்து, இரண்டடிச் சுவர், தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கின மெட்ராஸ் டெரஸ் கூரை. கட்டினவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ரிப்பேருக்குப் போன முதல் நாள் பழைய பூச்சைத் தட்டினோம். பத்தடி உயரத்தில் வரிசையாகச் சதுர ஓட்டைகள்.

சாரக்கட்டை செருக விட்ட குழிகள் அவை. வேலை முடிந்து இறங்கும்போது அரைச் செங்கல் வைத்து அடைப்பார்கள்; இந்தப் பக்கம் அது பூச்சோடு உதிர்ந்துவிட்டது. எந்தச் சித்தாளைக் கேட்டாலும் சொல்லும்.

மேற்பார்வைக்கு வந்த பழங்கட்டட நிபுணருக்குத்தான் தெரியவில்லை. கூலிங் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். "துப்பாக்கி ஓட்டைப்பா! இங்கேருந்துதான் சுட்டிருக்காங்க."

"சாரம் கட்ன குழி சார் அது."

"எத்தனாவது படிச்சிருக்க?"

"எட்டாவது."

"அப்போ பூசுற வேலைய மட்டும் பாரு."

அவர் நகர்ந்ததும் கூட்டாளி அந்தோணி கேட்டான்: "இன்னா அண்ணாத்த, ஏணி எடுத்தாந்து ஏறிக்கினு, எதிரியாண்ட 'கொஞ்சம் இருப்பா'ன்னு சொல்லிட்டு சுட்டிருப்பானா?" வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அன்றோடு சரி. கடல் பக்கச் சுவரில் குழிகளை அடையாளமே தெரியாமல் அடைத்திருந்தார்கள், அவ்வளவு சுத்தமான வேலை. நிபுணர் மறுநாள் வந்து, "எதிரி வந்ததே கடல் பக்கம்தானே? அங்கே பன்னெண்டு போடு" என்றார். கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பி, "நைனா, போட மாட்டன்னா சொல்லு, வேற ஆளு கீறான்" என்றார்.

உளியை எடுத்தேன். பன்னிரண்டு போட்டேன். பழசாகத் தெரிய டீ டிகாஷனும் கரியும் தேய்த்தேன்.

திறப்பு அன்று பளிங்குப் பலகையில் தங்க எழுத்தில் துப்பாக்கிக் கதை. நிபுணருக்குப் பொன்னாடை. கல்லூரியின் பெரிய அதிகாரி, தமிழர்தான், கடல் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு உயரத்துலேருந்து எப்படிச் சுடுவான்?" என்றவர், என்னைக் கூப்பிட்டார். "பெரியவரே, உங்க கை படாத இடம் இல்ல. நீங்க சொல்லுங்க, இதெல்லாம் பழசா?"

"ஆமா சார். பழசு."

நிபுணர் தெரியாமல் உளறினார். நான் தெரிந்தே சொன்னேன். அந்த உளறலுக்கு ஆயுசு கொடுத்தது என் வாய்தான். தொழிலில் நான் கற்றது இது ஒன்றுதான். இன்றைக்கும் பயிற்சிப் பிள்ளைகளை அங்கே நிறுத்திப் பாடம் நடத்துகிறார்கள்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு, மிரட்டியதால் சொன்னார் என்று சேர்த்துவிடாதீர்கள். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.