அசையாமல் படுங்க

ஸ்கேன் எடுக்கும் எங்கள் தொழிலில் அதிகம் சொல்லும் சொல் "அசையாதீங்க", அதிகம் கேட்கும் கேள்வி "என்ன தெரியுது?" முதலாவதை யாரும் மதிப்பதில்லை, இரண்டாவதற்கு நாங்கள் பதில் சொல்லக்கூடாது, படத்தைப் பார்த்துச் சொல்ல டாக்டர் இருக்கிறார். முதுகுப் பக்கம் திறந்த கவுனைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிர் அறையில் நடுங்கியிருக்கிறீர்களா? ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

புதுக் காடி

டத்தோ கிராமாட்டிலிருந்து வந்த அக்கா ஒருவருக்கு வயிற்றில் சிடி ஸ்கேன். "மருந்து ஏறினதும் உடம்பெல்லாம் சூடாகும், ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கும். ஆனா போயிருக்காது" என்று முன்பே சொல்லிவைத்தேன். தலையாட்டினார்.

ஸ்கேன் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, என்னை வெளியே போகச் சொன்னார். மகன் புதுக் காடியை ஓட்டிக்கொண்டு அழைத்துப் போக வருகிறானாம், காடி சீட்டு நனைந்துவிடுமாம். கண்ணெல்லாம் தண்ணீர். தாதி வந்து விரிப்பைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார். "அதான் முதல்லயே சொன்னேனேக்கா" என்றேன்.

"நீங்க சொன்னீங்க தம்பி. ஊசி குத்துறப்ப 'வலிக்காது'ன்னுகூடத்தான் சொன்னீங்க!"

காலைப் பிடித்தவர்

காதர் அண்ணன் சாப்பாட்டுக்கடை முதலாளி. ஒரு காது மந்தமாகி, தலைசுற்றல் வேறு. எம்ஆர்ஐ குழாய்க்குள் தலை போனதுமே அவசர மணியை அமுக்கிவிட்டார். மறுபடி முயன்றோம், மறுபடி மணி. வியர்த்துக் கொட்டியது. "கபுருக்குள்ள வெச்சு மண்ணப் போட்ட மாதிரி இருக்குலா, என்னை விட்டுருங்க" என்றார்.

வெளியே காத்திருந்த அவர் மனைவியைக் கேட்டேன். வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, கணவரின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இயந்திரம் போட்ட சத்தத்தில் பேச வழியில்லை. அந்த அம்மாள் பிடியை விடவும் இல்லை. படம் தெளிவாக விழுந்தது. காது நரம்பில் கட்டி, புற்று இல்லை. முகத்துக்குப் போகும் நரம்பு அதை ஒட்டி எங்கே ஓடுகிறது என்று அந்தப் படத்தில் பார்த்துத்தான் ஆபரேஷனுக்கு வழி வகுத்தார்கள். அந்தக் காது போய்விட்டது. முகம் கோணாமல் பிழைத்தார். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு வெளியே வந்ததும் அந்த அம்மாள் சொன்னது:

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுசன் இவ்ளோ நேரம் வாயத் தொறக்காம இருந்தத இன்னிக்குத்தான் பாக்குறேன்."

மரியாதை

சரவணன் செபராங் ஜெயாவிலிருந்து வந்த பேக்டரி தொழிலாளி. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வேண்டுதல். அதற்குள் முதுகுவலி, கால் மரத்துப்போய்ச் செருப்பு கழன்றுவிழுவதுகூடத் தெரியவில்லை. "முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கும், சரி பண்ணிட்டு காவடி தூக்கிரலாம்ணே" என்று சிரித்தபடி படுத்தான். நானும் "டேய், ஆடாம படுறா" என்று சிரித்தேன்.

திரையில் வந்தது தட்டு இல்லை. தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டு ஒரு கட்டி. டாக்டரைக் கூப்பிட்டேன், மருந்து ஏற்றி இன்னும் சில படங்கள் எடுக்கச் சொன்னார். எடுத்து முடித்ததும் கையைப் பிடித்து, "மெதுவா எறங்குங்க" என்றேன். அவன் இறங்கவில்லை. "அண்ணே, உள்ள போறப்ப டேய்னீங்க. இப்ப வாங்க போங்கன்றீங்க. பெரிய விஷயமாண்ணே?" என்றான். டாக்டர் சொல்வார் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கட்டி எந்தப் பக்கம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் படங்களில் பார்த்து, நரம்பைத் தொடாமல் எடுத்தார்கள். சாதாரணக் கட்டிதான். மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கினான். அந்தத் தைப்பூசத்தில் காவடி இல்லை. கைத்தடியுடன் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறான். அடுத்த ஸ்கேனுக்கு வந்தபோது, "வேண்டுதல் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"முருகன் கோச்சுக்க மாட்டாருண்ணே, போன்ல இருந்த ஸ்கேன் படத்த அவருகிட்டயும் காட்டிட்டேன்லா."

இப்படி ஊரார் உடம்புக்குள் எல்லாம் எட்டிப் பார்க்கிற நான், என் முட்டிவலிக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்லி மனைவி கேட்டால் மட்டும், அது தானாகச் சரியாகிவிடும் என்று நழுவிக்கொண்டிருக்கிறேன்.