மேல் தட்டில் வைத்த கறி

என் மனைவிக்கு மூன்றாவது கீமோ ஊசி போட்டுவிட்டு மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பிய வாரம் அது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் நோயில் படுத்த பிறகு, திருச்சுழி ஆபீசுக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் சமைத்து வைப்பது என் வேலையாயிற்று. அதுவரை எங்கள் ஃபிரிட்ஜை நான் தண்ணீர் பாட்டில் எடுக்க மட்டும்தான் திறந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ ஆட்டுக்கறி வாங்கினேன். வாய் கசக்கிறது, வேண்டாம் என்றாள். சரி, நாளைக்குச் சமைக்கலாம் என்று கடைப் பையோடு மேல் தட்டில் வைத்தேன். பழைய ஃபிரிட்ஜ், கம்பித் தட்டு. அதற்கு நேர் கீழே, அவளுக்கு நறுக்கிய பப்பாளி மூடாத கிண்ணத்தில் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து கறியை எடுத்தபோது பையில் ஓட்டை. ரத்தத் தண்ணீர் சொட்டி அடி வரைக்கும் இறங்கியிருந்தது. பப்பாளிக் கிண்ணத்தை அவள் மத்தியானமே காலி செய்து கழுவி வைத்திருந்தாள். நான் ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனேன். என்ன சாப்பிட்டாள் என்று நர்ஸ் கேட்டபோது, அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

நர்ஸ் திட்டவில்லை. "பச்சைக் கறிய மூடி போட்ட டப்பாவுல, அடித்தட்டுலதான் வைக்கணும் சார். இவுக உடம்புல இப்ப எதையும் தாங்குற சக்தி இல்ல" என்றாள்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி கொடுக்கும்போது, "கொடியில துணி செவப்பாக் கெடந்துச்சு, பாத்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"பயந்துட்டேன்."

"எனக்கு மட்டும் பயம் இல்லயா?"



ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினோம். ஃபிரிட்ஜுக்கு முன்னால் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். கீரையைக் கழுவாமல் வேரை நறுக்கிவிட்டுத் தாளில் சுற்றணும். குழம்பு ஆறினதும் மூடி உள்ளே வச்சிரணும், மறுநாளைக்கு மேல் வைக்கக் கூடாது. பாலைக் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்கணும். காற்றுப் போக இடம் விடணும், அடைக்கக் கூடாது. மாற்றலாகிப் போகிறவர்கள் ஆபீசில் பொறுப்பை ஒப்படைப்பார்களே, அந்த மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"இப்ப எதுக்கு இதெல்லாம்? நீ தேறி நீயே பாத்துக்குவ" என்றேன்.

"எழுதிக்கோங்க" என்றாள்.

எழுதினேன். ஒன்றுவிடாமல் செய்தேன். ஆனால் அவள் உடம்பு தேறவில்லை. நாலாவது ஊசி தள்ளிப்போனது. பிறகும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் இறந்துவிட்டாள்.

காரியம் முடிந்து, ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வாங்க மதுரைக்குப் போனபோது அவளைப் பார்த்த டாக்டரிடம் கேட்டேன். நோய் முன்னமே ஈரலுக்குப் பரவிவிட்டது, அந்தக் காய்ச்சல் காரணமில்லை என்றார். மறுபடி கேட்டேன். என் தோளில் கை வைத்து அதையே சொன்னார். நல்ல மனிதர். யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.