மாலை கழற்றிய பிறகு

குடிப்பதற்கு நான் என்றைக்கும் ஒளிந்ததில்லை. ரோட்டைப் பார்த்த மாதிரிதான் உட்கார்ந்து குடிப்பேன். குடியை விடப் போனபோதுதான் திருடன் மாதிரி பதுங்கிப் போனேன்.

காரணம் என் மகள். பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். கோம்பையில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்தவள், தூக்குவாளியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அப்பா, வருசம் பூராம் மாலை போட்டுக்கிட்டே இருக்க முடியாதா?"

ஒன்பது வருடமாகச் சபரிமலைக்குப் போகிறேன். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டேன். மலையிலிருந்து இறங்கி, மாலையைக் கழற்றிய அன்றைக்கே ஆரம்பித்துவிடுவேன். எங்கள் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான். அதனால் அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தெட்டு நாள் நிறுத்தத் தெரிந்தவன் எப்படிக் குடிகாரன் ஆவான் என்பது என் வாதம். இந்த வாதத்தைக் கையில் கிளாஸோடு எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன்.

மகள் கேட்டது முள்ளாகத் தைத்தது. தேனியில் ஒரு மருந்துக்கடைச் சுவரில் பார்த்த சின்ன நோட்டீஸ் ஞாபகம் வந்தது. குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவதாகப் போட்டிருந்தது. அடுத்த முறை காப்பர் ஒயர் வாங்கப் போனபோது நம்பரைக் குறித்துக்கொண்டு பேசினேன். எடுத்தவர் என் பேரைக்கூடக் கேட்கவில்லை. "சர்ச் பள்ளிக்கூடத்துல, நாலு மணிக்கு. சும்மா வந்து உக்காருங்க, போதும்" என்றார்.

ஞாயிறு எனக்கு வசதி. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் ராகுகால விளக்குப் போட வீரபாண்டி கோயிலுக்குப் போய்விடுவாள் என் மனைவி. அவள் இல்லாத அந்த நேரம்தான் என் குடிக்குத் தோது. அன்றும் மதியமே கிளம்பிவிட்டாள். நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வீரபாண்டியில் பஸ் நின்றபோது, அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, செருப்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நீள ஹாலைப் பலகைத் தட்டியால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் குடிக்கிறவர்கள் வீட்டுப் பெண்களுக்கு, இந்தப் பக்கம் எங்களுக்கு. ரோட்டில் விழுந்து கிடக்கிறவர்கள்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். சலவைச் சட்டை போட்ட ஒரு வாத்தியாரும் பலசரக்குக் கடை முதலாளியும் எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

என் முறை வந்தது. "நான் நோயாளியெல்லாம் இல்லைங்க. வருசா வருசம் நாப்பத்தெட்டு நாள் நிப்பாட்டிருவேன். இங்கன எத்தன நாள் விரதம்? என்னைக்குக் கழட்டலாம்?" என்று கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. பலசரக்குக் கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். "இதுல கழட்டுற நாள் கெடையாதுங்க. இன்னைக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன், அம்புட்டுத்தான். நாளைக்கு எந்திரிச்சாலும் அதே பேச்சுத்தான்."

நான் உட்கார்ந்தேன். அடுத்தவர் எழுந்திருப்பதற்குள், தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"மலைக்குப் போனவுக நல்லபடியா வந்துட்டாகன்னு எல்லா வீட்டுலயும் சந்தோசப்படுவாக. எங்க வீட்டுல அன்னைக்கு இருந்துதான் பயம். மாலையக் கழட்டிட்டாக்க எம்மக ரூமுக்குள்ள போயி தாப்பாளப் போட்டுக்கிருவா. அதான் அவள வெளியூரு ஹாஸ்டல்ல சேக்கப் போறேன். அப்பா மாலை போட்டுருக்கப்ப மட்டும் வீட்டுக்கு வந்தாப் போதும்த்தான்னு சொல்லிட்டேன்."

இருபது வருடமாக என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் அது.

ஆடிப்போய்விட்டேன். கோயில், விளக்கு எல்லாம் பொய்; மூன்று வருடமாக அவள் இங்கேதான் வந்துகொண்டிருந்தாள். மகள் தாழ்ப்பாள் போடுவது படிப்பதற்கென்று நினைத்திருந்தேன். வீட்டில் சத்தம் போடாதே, பிள்ளை படிக்கிறது என்று மனைவியை நானே அதட்டியிருக்கிறேன். வழக்கமாக எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அன்றைக்கு வரவில்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

டீக்கு இரண்டு பக்கத்தாரும் வராந்தாவுக்கு வந்தோம். என்னைப் பார்த்ததும் அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கண் முதலில் என் கழுத்துக்குப் போனது. சித்திரை மாதம், வெறும் கழுத்து.

"எதுக்கு இங்கன வந்தீக?"

"பிள்ள கேட்டுச்சு" என்றேன்.

"மாலை போட இன்னும் ஏழு மாசம் கெடக்கே." சண்டைக்குச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னாள்.

"கெடக்கட்டும். இன்னைக்குக் குடிக்கல."

அவள் நம்பவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி கிட்டே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, அப்பா என்கூடத்தான் இருக்காக என்றாள். குடிச்சிருக்காகளா என்று மகள் கேட்டது எனக்கும் கேட்டது. மனைவி போனை என்னிடம் நீட்டினாள்.

"இல்லத்தா" என்றேன். "இன்னைக்கு இல்ல."

"அப்ப இன்னைக்கு நான் தாப்பாள் போடலப்பா" என்றாள் மகள்.