ஜெபாக்கா தொடங்கிய குள்ளக் கொல்லர் சங்கம்

ஜெபாக்காவுக்கு இடுப்பு வரை தாடி உண்டு. சிவப்புத் தாடி. அதை மூன்று பின்னலாகப் பின்னி, ஒவ்வொரு நுனியிலும் ஓர் இரும்பு வளையம் மாட்டியிருக்கிறார். உயரம் நாலடி. பெயர் டோர்கா. மலைக்கு அடியில் உலை வைத்திருக்கும் குள்ளர் இனத்துக் கொல்லர்.

இது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஜெபாக்கா. வெளியே இருப்பவருக்கு வயது இருபத்தேழு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பைக் காய்ச்சி அடித்து வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். வகுப்பில் முப்பத்தாறு பேர், பெண் அவர் ஒருவர்தான். அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மகள் இரும்படிக்கப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அனுப்பினார்கள். கம்பெனியில் பெரிய சுத்தி இயந்திரத்தின் பக்கம் பெண்களுக்கு வேலை கிடையாது என்று சொல்லி, பரிசோதனை மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு வருடமாக மற்றவர்கள் அடித்த இரும்பை அளந்துகொண்டிருக்கிறார். எந்தத் துண்டு ஆறிய பிறகு அடிபட்டது, எது அதிகம் வெந்தது என்று அளக்காமலே சொல்லிவிடுவார்.

நாங்கள் பழவேற்காட்டுக்காரர்கள். என் அண்ணன் ரிஜ்வான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறான். ப்ளஸ் டூ முடித்த பிறகு என் காலேஜைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. அதனால் நான் அந்தக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். ஜெபாக்காவும் வேறு வேலைக்கு விண்ணப்பம் போடத்தான் முதலில் வந்தார். 2008 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் அண்ணன் தட்டிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி எழுதிக்கினு கீற?"

"கத்தி செய்றேங்க்கா. இது ஒரு கேம். படம்லாம் கெடையாது. ஒவ்வொருத்தரும் ஒரு ஆளா மாறி, அந்த ஆளு இன்னா பண்றான்னு எழுதணும். ஊரு ஒலகத்துல இருந்துலாம் எழுதுறாங்க. நான் குள்ளக் கொல்லன். வெள்ள வெளேர்னு பொறி பறக்குற இரும்ப எடுத்து அடிக்கிறேன்."

"பொறி பறந்தா இரும்பு கருகிப்போச்சின்னு அர்த்தம். அத்த அடிச்சா கத்தி வராது, தூளா உதுரும்."

"இது கதக்கா."

"கதன்னா இரும்பு வேற மாதிரி ஆயிடுமா?"

அண்ணன் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டான். அக்கா தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் அடித்தேன். இரும்பு எந்த நிறத்தில் வெளியே வர வேண்டும், எந்த நிறத்தில் திரும்ப உலைக்குள் போக வேண்டும், எங்கே அடித்தால் எங்கே நீளும், எல்லாம் சொன்னார். சாயங்காலத்துக்குள் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பதில் போட்டிருந்தார். இத்தனை நாளில் இங்கே ஒரு பட்டறையின் சூடு முகத்தில் பட்டது இதுதான் முதல் தடவை என்று. அக்கா அதை மூன்று முறை படிக்கச் சொன்னார். கொண்டுவந்த விண்ணப்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனவர், அடுத்த ஞாயிறு அதை எடுக்கவே இல்லை.

பிறகு இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஒருவர் சின்னதுரை அண்ணன். அதே கம்பெனியில் சுத்தி இயந்திரத்தை இயக்குகிறவர். அதற்கு முன்னால் குறடு பிடித்தவர். அதாவது, சிவந்த இரும்பை நீண்ட குறட்டால் பிடித்துச் சுத்திக்கு அடியில் காட்டுகிறவர். அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது. குறடு பிடித்தவர் தலையசைத்தால்தான் சுத்தி இறங்க வேண்டும். ஒரு நாள் அவசரம் என்று சூப்பர்வைசர் கத்த, இவர் தலையசைக்கும் முன்பே சுத்தி இறங்கிவிட்டது. குறடு துள்ளி மணிக்கட்டை முறித்தது. அன்றிலிருந்து தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டார்கள். கத்துவது யாராக இருந்தாலும், தலையசைப்பு இல்லாமல் ஒருவரும் கையை அசைப்பதில்லை.

இன்னொருவர் ரோசம்மாள், பேக்கிங் பிரிவு. நாற்பது வயது. அவருடைய குள்ளருக்குத் தாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "மூஞ்சி கழுவ பேஜாரு" என்பது காரணம்.

கில்டு தொடங்கலாம் என்ற யோசனை அந்த உலகத்தின் விதிப்புத்தகத்திலிருந்து வந்தது. கில்டு என்றால் ஒரே தொழில் செய்கிறவர்களின் சங்கம். ஐந்து பேர் சேர்ந்து சாசனம் எழுதிக் கொடுத்து, அந்த உலகத்தை நடத்துகிறவர்கள் ஒப்புக்கொண்டால், முதல் பக்கத்தில் பொன்னெழுத்துப் பட்டியலில் சங்கத்தின் பெயரும் தலைவர் பெயரும் ஏறும். குள்ளர்களின் கொல்லர் சங்கம் அதுவரை அங்கே இல்லை.

"நம்ம கம்பெனில தான் சங்கம் வெக்க உடல," என்றார் சின்னதுரை அண்ணன். "குள்ளனுங்களுக்காவது வெப்போம்."

அவர்கள் மூவர், அண்ணன், நான். ஐந்து பேர். சாசனத்தின் முதல் விதியை ஜெபாக்கா சொன்னார்: குறடு பிடித்தவர் தலையசைக்காமல் சுத்தி இறங்காது, ஆணையிடுவது அரசனே ஆனாலும்.

படிவத்தில் தலைவர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது.

"உன் பேர போட்டுடு ஜெபா," என்றார் ரோசம்மாள். "நீ தான இத்த ஆரம்பிச்ச."

அக்காவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்தப் பொன்னெழுத்துப் பட்டியலை அவர் திரும்பத் திரும்ப மேலும் கீழுமாக நகர்த்திப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்னது வேறு.

"அன்னன்னிக்கு கொறடு யாரு கையில கீதோ அவங்க தான் தலைவர். அப்படியே அடி பர்ஹானா," என்றார் என்னிடம்.

ஒரு வாரத்தில் மறுப்பு வந்தது. அனுப்பியவர் ஹார்வின், அந்த உலகத்தை நடத்துகிறவர்களில் ஒருவர், அங்கே அரசனின் தூதராக வருகிறவர். ஐந்து பெயர்களும் ஒரே இணைப்பிலிருந்து வருகின்றன, எல்லாவற்றிலும் வாக்கியங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன, ஆகவே இது ஐந்து முகமூடி போட்ட ஒரே ஆள், அது குற்றம் என்று எழுதியிருந்தார். பிழை என்னுடையதுதான். மூன்று பேர் சொன்னதை நான் ஒருத்தியே என் நடையில் அடித்திருந்தேன்.

"அஞ்சு பேரும் ஒரே ஆளாமா?" என்றார் ரோசம்மாள். "அப்ப என் ஊட்டுக்காரன் யாருக்கு ஊட்டுக்காரன்? கேட்டு எழுது."

அதை எழுதவில்லை. பரீட்சை வையுங்கள் என்று ஜெபாக்கா கேட்டார். ஹார்வின் ஒப்புக்கொண்டார். ஒரு ஞாயிறு, நம் நேரம் காலை பத்து மணி. ஐந்து பேரும் ஐந்து வேறு இணைப்புகளிலிருந்து வந்து, ஒரு பொருளைச் சேர்ந்து செய்து காட்ட வேண்டும்.

இரண்டு வாரம் இருந்தது. ஜெபாக்காவும் ரோசம்மாளும் சின்னதுரை அண்ணனும் தினமும் ஷிப்ட் முடிந்து வந்து ஒற்றை விரலால் பழகினார்கள். அடிக்கிறேன், திருப்பு, பொறு, ஆறிவிட்டது: இப்படிப் பதினைந்து ஆங்கிலச் சொற்கள். அண்ணன் ரயில் பாதையோரமாக எங்களைப் பிரித்தான். ஜெபாக்கா எங்கள் கடையில். சின்னதுரை அண்ணன் கவரப்பேட்டையில், நான் பொன்னேரியில், ரோசம்மாள் மீஞ்சூரில். அண்ணன் இன்னும் தள்ளி, திருவள்ளூர் பாதையில் செவ்வாப்பேட்டைக்குப் போனான். அங்கே அவன் நண்பனுடைய கடை இருந்தது.

பத்து மணிக்கு ஐந்து பேரும் வந்துவிட்டோம். அரசனின் கோட்டைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றார் ஹார்வின். அண்ணன் துருத்தி ஊதினான். ஜெபாக்கா குறட்டால் இரும்பை எடுத்து, அடி வாங்கும் அடைகல்லில் வைத்து, டோர்கா தலையசைக்கிறார் என்று எழுதினார். சின்னதுரை அண்ணன் 'அடிக்கிறேன்' என்றார். ரோசம்மாள் 'பக்கவாட்டில் அடிக்கிறேன்' என்றார். நான் விளிம்பைத் தட்டிச் சீராக்கினேன். இரண்டு முறை உலைக்குப் போய் வந்தது இரும்பு. மூன்றாம் முறை அக்கா அதைக் கல்லில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் கரண்ட் போயிருந்தது. அந்த வருடம் அது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடையின் யு.பி.எஸ். பேட்டரி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜெபாக்காவிடம் செல்போன் இல்லை. கடையில் இருந்த கார்ட்லெஸ் போனும் கரண்ட் இல்லாமல் வேலை செய்யாது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இரும்பு கல்லின் மேல் இருக்கிறது, அக்கா தலையசைக்கவில்லை.

ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்றார் ஹார்வின். இரும்பு ஆறுகிறது, அடியுங்கள் என்றார். பிறகு, இது அரசனின் ஆணை என்றார். எனக்கு விரல் துறுதுறுத்தது. ஏதாவது விளக்கம் எழுதலாம் என்று இரண்டு முறை தொடங்கி அழித்தேன். மற்ற மூவரும் எழுதிவிடுவார்களோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. இருபத்தைந்து நிமிடம் அப்படியே போனது. ஹார்வின் வெளியேறினார்.

சாயங்காலம் எல்லோரும் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தோம். கரண்ட் வந்திருந்தது. ஜெபாக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"யாராச்சும் அடிச்சீங்களா?"

"நீ தான் தலையாட்டலயே," என்றார் சின்னதுரை அண்ணன்.

"மீஞ்சூர் கடக்காரன், இன்னாம்மா டப்பு குடுத்துட்டு சும்மா குந்திக்கினு கீறன்னு கேக்குறான்," என்றார் ரோசம்மாள். "வேலயா கீறேன்யான்னு சொல்லிட்டேன்."

அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அண்ணன் அதற்குள் ஹார்வினின் கடிதத்தைத் திறந்திருந்தான். நான் தமிழில் படித்தேன். ஐந்து இணைப்பை ஒரே ஆளும் ஏற்பாடு செய்யலாம், ஆனால் ஒருவர் நின்றதும் ஐவரும் ஒரே நொடியில் நின்றுவிட்டார்கள், இதைவிட ஆதாரம் எனக்கு வேண்டியதில்லை, நீங்கள் ஒரே ஆள்தான் என்று எழுதியிருந்தார். ஆனால் உங்கள் எழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது. மற்ற நான்கு பேரும் என் கற்பனை என்று ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதுங்கள். சங்கத்தை ஏற்கிறேன், தலைவர் டோர்கா என்று பட்டியலில் போடுகிறேன் என்றும் இருந்தது.



"ஒத்துக்கோக்கா," என்றான் அண்ணன். "பேரு ஏறிடும். நாங்க இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா."

"ஆமாம்மா, ஒரு வரி தான," என்றார் சின்னதுரை அண்ணன். "அது இன்னா நெஜ ஒலகமா?"

ஜெபாக்கா பொன்னெழுத்துப் பட்டியலைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். மூடச் சொன்னார்.

"அண்ணே, இன்னிக்கு நாலு ஊர்ல நாலு பேரு, யாரும் சொல்லாம, ராஜாவே சொன்னாலும் கைய தூக்கல. எனக்கு அத்த பாக்கக் கூட குடுத்து வெக்கல, இருட்டுல குந்திக்கினு இருந்தேன். அத்த போயி, இவங்கள்லாம் கெடையவே கெடையாது, எல்லாம் நான் ஒருத்தியே பண்ணேன்னு எழுதிக் குடுக்கணுமாம். எழுதுனா அது சங்கமா?"

"இல்ல," என்றார் ரோசம்மாள்.

"அடி பர்ஹானா."

அவர் சொன்னதை நான் ஒரு சொல் கூடச் சேர்க்காமல் மொழிபெயர்த்தேன். நாங்கள் ஐந்து பேர். பத்து இருபதுக்கு எங்கள் ஊரில் கரண்ட் போனது. ஒருவருக்கு ஒருவர் தகவல் சொல்ல வழியில்லை. அப்படியும் நிறுத்தினார்கள். சாசனத்தின் முதல் விதி அதுதான். நீங்கள் படித்திருந்தால் இது தெரிந்திருக்கும். நீங்கள் எங்களை மறுக்கலாம், அது உங்கள் உரிமை. என் ஆட்கள் இல்லை என்று என்னைக்கொண்டே எழுத வைக்க முடியாது. கீழே டோர்கா என்று போடப் போனேன். வேண்டாம் என்றார். ஜெபா என்று போட்டேன். அதன் கீழே மற்ற நாலு பேரின் சொந்தப் பெயர்களும்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை. விண்ணப்பம் மூடப்பட்டது. நான்கு கணக்குகள் நீக்கப்பட்டன. டோர்கா மட்டும் இருக்கலாம்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். "டோர்கா கீறான் இல்ல? அது போதும்," என்றார். அன்றே டோர்கா மலையை விட்டு இறங்கினார். அந்த உலகத்தில் சந்தைத் தெரு என்று ஒரு பகுதி உண்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம். அங்கே தெருவோரம் உலை மூட்டினார். கலப்பைக்கு முனை, கிணற்றுச் சங்கிலி, குதிரைக்கு லாடம் என்று வாரத்துக்கு ஒரு வேலை. இப்போதும் ஐந்து பேரும் உட்கார்ந்துதான் செய்கிறோம். ஒவ்வொரு வேலையின் கீழேயும் இதைச் செய்தவர்கள் இன்னார் என்று ஐந்து பெயர். இல்லாத ஆட்களின் பெயரைப் போடுவது விதிக்கு விரோதம் என்று ஹார்வின் அழிக்கிறார். அடுத்த ஞாயிறு அக்கா மறுபடி எழுதுகிறார். கணக்கை மூடிவிடுவதாக எச்சரிக்கையும் வந்தது. மூடினால் புதிதாகத் திறப்போம் என்று அதற்கும் பதில் போனது. தெருவில் இப்போது கொஞ்சம் கூட்டம் சேருகிறது. அழிப்பதற்குள் படிக்க வேண்டும் என்று நேரம் பார்த்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை எட்டு முறை அழித்திருக்கிறார்கள். இந்த ஞாயிறு ஒன்பதாவது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. வேலை முடிந்து பெயர்களுக்கு வந்தபோது ரோசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வாட்டி என் பேரு மொதல்ல. எட்டு வாட்டியும் கடைசில போட்ட."

"எப்டியும் அழிக்கத் தான போறான் ரோசக்கா," என்றான் அண்ணன்.

"அழிக்கட்டும். அழிக்கறதுக்காச்சும் மொதல்ல என்னப் படிக்கணும் இல்ல?"

ஜெபாக்கா நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரோசம்மாள்னு முழுசா போடு," என்றார்.