வெள்ளைப் பூ சொன்ன கடை

நெய்க்காரப்பட்டி அழகுராஜாவுக்கு உழைக்காமலேயே முதலாளி ஆகிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பழனி ரோட்டுப் பலகாரக் கடையில் அவர் செய்த ஒரே வேலை கல்லாவில் உட்காருவது. பணியாரக் கல்லோடு மல்லுக்கட்டியது, தேங்காய்ச் சட்னி அரைத்தது, போகிற வருகிறவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தது அவர் மனைவி நாகஜோதி. அந்தக் கடைதான் அவளுக்கு உயிர். எதிரில் உரக்கடை வைத்திருக்கும் நான் தினமும் பார்த்தது இது.

கோயம்புத்தூரில் ஒரு சிற்றுண்டிக் கம்பெனி கூட்டம் போட்டது. அழகுராஜாவுக்குச் சால்வை போர்த்தி, மைக்கில் 'தொழிலதிபர்' என்று கூப்பிட்டார்கள். மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார். அவர்கள் பெயரிலேயே கடை நடத்தும் உரிமையை, அதாவது பிரான்சைஸ், எடுக்கப்போவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

"ஒட்டன்சத்திரத்துல ஒருத்தர் இதே கடை நடத்துறாருங்க. ஒரு எட்டு போய் விசாரிச்சுட்டு வாங்க" என்றேன்.

"போட்டிக்காரன் உண்மையச் சொல்லுவானுங்களா? நான் சாமிகிட்டயே கேட்டுக்கறேன்" என்றார்.

கேட்டார். குலதெய்வக் கோயிலில் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, பூசாரியை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளையே வந்தது. கடை வைக்கலாமா என்று மொட்டையாகக் கேட்டால் தெய்வம்தான் பாவம் என்ன செய்யும்? சரக்கை யாரிடம் வாங்க வேண்டும், பக்கத்திலேயே இன்னொருவனுக்கும் கடை கொடுப்பார்களா, மூடினால் என்ன ஆகும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தது. அதை ஒரு வக்கீலிடம் காட்ட அவருக்கு நேரமில்லை. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டதை மட்டும் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

நாகஜோதியின் பெயர்ப்பலகை இறங்கியது. அவள் தலையில் பிளாஸ்டிக் தொப்பி ஏறியது. சட்னிகூடக் கம்பெனிப் பொடிதான்; வெந்நீரில் கலக்க வேண்டும். சுற்றிலும் தென்னந்தோப்பு இருக்கிற ஊரில் தேங்காய்ச் சட்னிக்குப் பொடி! தூ! தைப்பூசத்துக்கு நடந்து போனவர்கள் புதுப் பலகையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார்கள். போதாக்குறைக்கு, பழனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அதே கம்பெனி இன்னொரு கடை திறந்தது. கொஞ்ச நாளில் அழகுராஜா ஷட்டரை இழுத்துவிட்டார்.

நாகஜோதி பழைய பணியாரக் கல்லைத் துடைத்து எடுத்தபோது கம்பெனி ஆள் வந்து நின்றார்.

"சார், இன்னும் மூணு வருஷத்துக்கு நீங்க வேற சாப்பாட்டுக் கடை நடத்தக் கூடாது. அக்ரிமென்ட்ல இருக்கு."

"பூ நல்லாத்தானுங்க வந்துச்சு" என்று தொழிலதிபர் முனகினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

"அதுல என் கையெழுத்து இருக்குதுங்களா?" என்று நாகஜோதி கேட்டாள்.

கம்பெனி ஆள் புரட்டிப் பார்த்தார். "உங்க பேரே இல்லைம்மா."

"இருக்காதுங்க. சாமிகிட்டக் கேட்டவரு எங்கிட்டக் கேக்கலையே."

என் உரக்கடைக்குப் பக்கத்து அறை காலியாகத்தான் கிடந்தது. அவள் தன் பெயரில் வாடகைக்கு எடுத்து அடுப்பை மூட்டினாள். பழைய கூட்டம் திரும்பி வந்தது. அழகுராஜா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் கல்லாப் பக்கம் நகர்ந்தார்.

"அங்க இல்லீங்க" என்று நாகஜோதி தேங்காய்த் துருவியை நீட்டினாள். "முதல்ல இதைப் புடிங்க. கல்லாவுல உட்காரோணும்னா எங்கிட்டக் கேக்கோணுமுங்க."