கழுத்துக் கழலையும் கூடைக் கயிறும்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் றொசல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு தள்ளப் போய், ஐந்தே வருஷத்தில் எஞ்சினை என் கைக்குள் கொண்டுவந்தேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் வெள்ளைக்காரத் துரை என்னைத்தான் கூப்பிடுவார். பின்னாளில் அட்டனில் சொந்தப் பட்டறை போட்டதும் யாருடைய தயவிலும் அல்ல. பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. இத்தனை கெட்டிக்காரன் ஏழு மாதம் ஏமாந்து கிடந்தேனே என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இலங்கை சுதந்திரம் அடைந்து, எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் பிரஜாவுரிமை இல்லை என்றாகியிருந்த காலம். என் மனைவி கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கழலை எழும்பியது. எங்கள் பெண்கள் கூடையை முதுகில் தொங்கவிட்டு, அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் கங்காணி பார்த்த மாத்திரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கயிறு இழுத்து நரம்பு பெரண்டிருக்கு. பொம்பளைகளுக்கு வர்றதுதான்."

தோட்டத்து மருந்துக்காரரை 'டாக்டர் ஐயா' என்போம். அவரும் அதையே சொல்லி, கழுத்தில் ஏதோ பழுப்பு மருந்தைத் தடவி அனுப்பிவிட்டார்.

நானும் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஸ்டோரில் கழித்துப்போட்ட எஞ்சின் பெல்ட்டை அறுத்து, கூடையைத் தோளில் மாட்டுகிற மாதிரி இரண்டு வார் தைத்துக் கொடுத்தேன். அந்த மலையில் அப்படியொரு கூடையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"என்னாடி, பட்டாளத்துக்குக் கெளம்பிட்டியா?" என்று கொழுந்துக்காரிகள் சிரித்தார்கள்.

"எங்க வீட்டு எஞ்சினியரு செஞ்சது. ஒங்க புருசமாருக்குக் கை இருக்கா?" என்றாளாம் இவள். அதைக் கேட்டு நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

கழலை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. மார்கழிப் பனியில் எல்லோரும் கம்பிளிக்குள் சுருண்டு கிடக்க, இவளுக்கு வேர்த்து ஊற்றியது. இரண்டு ரொட்டி தின்றவள் ஐந்து தின்றாள்; அப்படியும் இளைத்துத் துரும்பானாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. கண்கள் வெளியே பிதுங்கின. விரல்கள் நடுங்க நடுங்கப் பறித்ததில் கொழுந்தோடு முற்றின இலையும் கூடைக்குள் விழுந்தது.

அதற்குக் கங்காணி, மலையில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "கை நடுங்குது, கண்ணு முழிக்குது. என்னா புள்ள, காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா? இந்த மாசத்துக்குள்ள ஒழுங்கா எடுக்கலேன்னா தொரைகிட்டச் சொல்லிப் பேர வெட்டிருவேன்."

பேர் வெட்டினால் அவள் வேலை போகும். ஸ்டோரில் எனக்குப் பேர் இருந்ததால், தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்து அறை நிற்கும். ஆனால் குடிகாரி என்ற பட்டத்தோடு அவள் எப்படி அந்த லயத்தில் குடியிருப்பாள்? அவள் வாழ்நாளில் கள் வாசனையே அறியாதவள்.

கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போக மருந்துக்காரர் துண்டு எழுதித் தர வேண்டும். இருவருமாகப் போய் நின்றோம்.

"கயித்து வீக்கத்துக்கெல்லாம் கண்டிக்கு அனுப்புனா தொரை என்னைத்தான் ஏசுவாரு" என்றார்.

"இவ கயிறு மாட்டி ஏழு மாசமாச்சுங்க. நானே வார் தைச்சுக் குடுத்தேன். பொறகு எப்பிடிங்க வளருது?"

"அப்ப அது பழைய கயித்தோட வீக்கம்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

எனக்குக் கை துறுதுறுத்தது. அதற்குள் அவள் வாயைத் திறந்தாள். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மனைவிக்கும் இதே கழலை இருந்ததும், போன வருஷம் அந்த அம்மாவைக் காரில் கண்டிக்குக் கொண்டுபோனதும் தோட்டமே அறிந்த சங்கதி.

"டாக்டர் ஐயா, கிளாக்கரம்மா எந்த மலையில கொழுந்தெடுத்தாங்க?"

மருந்துக்கு நின்ற கூட்டத்தில் ஒரு பெண், "பங்களா மலையிலதான்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மருந்துக்காரர் தலை நிமிராமல் துண்டை எழுதினார்.

கண்டி டாக்டர் அவளைக் கை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் ஆடியது. தொண்டையில் ஒரு சுரப்பி உண்டாம். உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பது அது சுரக்கிற நீரைப் பொறுத்ததாம். இவளுக்கு அது அளவு மீறிச் சுரக்கிறது என்றார்.

"வேகத்தக் கட்டுற கவர்னர் கழன்ற எஞ்சின் மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

"அதேதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இருதயம் தாங்கியிருக்காது."

லயத்தில் படுத்தபடியே ஸ்டோர் எஞ்சினின் கோளாறைச் சொல்கிறவன் நான். பக்கத்தில் படுத்திருந்தவளின் நெஞ்சு அப்படி ஓடியது எனக்குக் கேட்கவில்லை. நான் வார் தைத்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் மருந்து கொடுத்து, பிறகு அறுத்தார்கள். கழுத்தில் நூல் மாதிரி ஒரு தழும்போடு திரும்பி வந்தாள். கங்காணியோ, கயிற்றை விட்டதால்தான் குணமானது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவள் வேலைக்குப் போன முதல் நாள் காலை, என் வாரை அறுத்துப் போட்டுவிட்டுப் பழைய கயிற்றைக் கூடையில் கட்டினாள்.

"ஏன் புள்ள?"

"தோளு ரெண்டும் புண்ணாப் போச்சுங்க. நீங்க தைச்சதாச்சேன்னுதான் ஏழு மாசமும் மாட்டிக்கிட்டிருந்தேன்."

கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, கங்காணியின் கண்ணுக்கு முன்னாலேயே மலை ஏறினாள்.